பரபக்கம் கேட்கும் மனம்

கடவுள் உண்டு என்பாரும், இல்லை என்பாரும், உண்டோ இல்லையோ அறியோம் என்பாரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, ஒரே சந்தையில் காய் வாங்கி, ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போய் நின்று வருகிற தேசம் இது. இவ்வளவு நெருங்கி வாழ்ந்தும், இவர்கள் தத்தம் கொள்கைக்குரிய நியாயங்களை ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொல்லிக்கொள்வது அரிது. பிறர் சொல்லப் பொறுமையாகக் கேட்பது அதனினும் அரிது. ஆஸ்திகருக்கு நாஸ்திகர் அகங்காரிகளாகவும், நாஸ்திகருக்கு ஆஸ்திகர் விசாரணையற்றவர்களாகவும், இவ்விருவருக்கும் சந்தேகிகள் முதுகெலும்பில்லாதவர்களாகவும் தோன்றுகிறார்கள்.

சமய விஷயத்தில் காய்தல் உவத்தல் அகற்றி நிற்க வேண்டும் என்பதை மறுப்பார் எவரும் இல்லை. ஆனால் அந்த நிலை எத்தகையது என்று வினவினால் இரண்டு விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று, எதையும் ஊன்றிப் படிக்காமலே சமரசம் பேசி அமைவது ஒன்று; எந்த முடிவுக்கும் வாராமல் ஆயுள் முழுதும் நடுத்திண்ணையில் உட்கார்ந்திருப்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. தன் கொள்கையில் மலைபோல் உறுதியாக நிற்பவனும் காய்தல் உவத்தலற்ற மனத்தினனாக இருத்தல் கூடும். ஒரு முடிவுக்கும் வாராதவன் செவியை அடைத்துக்கொண்டிருத்தலும் கூடும். எதிரியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வல்லவனா, அவன் தன்னை யாரென்று சொல்கிறானோ அவனாகவே அவனை ஏற்கிறவனா, அவனால் தன் நடத்தை மாறுவதற்கு இடம் கொடுக்கிறவனா என்ற மூன்று வினாக்களைக் கொண்டே இக்குணத்தை அளக்க வேண்டும் என்பது என் துணிபு.

தமிழில் இவ்விசாரத்தைத் தொடங்குவதற்குச் சாத்தனாரின் மணிமேகலையைவிடச் சிறந்த இடம் இல்லை. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவை முரசறைந்து தெரிவிக்கும் வள்ளுவன், தெருக்களில் புதுமணல் பரப்புக, தோரணம் கட்டுக என்று சொல்லும் அதே வாயால், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்றும், பகைவரோடு எதிர்ப்பட்டாலும் சினமும் கலகமும் செய்யாது விலகிப் போகுக என்றும் அறிவிக்கிறான். சமயவாதம் ஊர்த் திருவிழாவின் ஓர் அங்கமாகவே வைத்து எண்ணப்பட்டது. பின்னர், வஞ்சி மாநகரில் மணிமேகலை தவ வேடம் பூண்டு, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரை அணுகி, உம் பொருள் யாது என்று வினவுகிறாள். இருபத்தேழாம் காதையாகிய அப்பகுதியில் சைவனும் வைணவனும் வேதவாதியும் ஆசீவகனும் நிகண்டனும் சாங்கியனும் தத்தம் கொள்கையைத் தம் வாயாலேயே சொல்கிறார்கள். கடைசியாக வரும் பூதவாதி, ஆத்திப்பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்து மதுவின் களிப்புத் தோன்றுவதுபோலப் பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றுகிறது, காட்சி ஒன்றே பிரமாணம், மறுமை என்பது பொய் என்று கூசாமல் சொல்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையர் இன்னாரென்பதை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்பது மணிமேகலை அவனுக்குக் கொடுக்கும் விடை. அது வலிய விடைதான். ஆயினும் நூலாசிரியர் பௌத்தர், கதாநாயகி பௌத்த நெறிக்கென்றே பிறந்தவள், முடிவு முன்னமே நிச்சயிக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. அவ்வளவு பட்சபாதத்துக்கு இடையிலும், உலகாயதக் கொள்கையைக் கோமாளி வேடம் இடாமல் பேச விட்ட சாத்தனாரின் நேர்மை போற்றத்தக்கது.

இம்மரபே பின்னர்ச் சாஸ்திர நூல்களில் ஒரு விதியாக உறைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார், தம் சித்தாந்தத்தைச் சுபக்கத்தில் நிறுவுவதற்கு முன்னர், உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு மதங்களைப் பரபக்கத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் முதலில் அதன் சொல்லாலேயே கூறி, அதன் பின்னரே மறுக்கிறார். அடுத்த நூற்றாண்டில் வடமொழியில் ஸர்வதர்சன ஸங்கிரஹம் எழுதிய மாதவரும் சார்வாகத்திலிருந்தே தொடங்குகிறார். இம்முறையினால் விளைந்த நன்மை ஒன்றை நினைக்கும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. உலகாயதர் தாமே எழுதிய மூலநூல் அழிந்துவிட்டது. அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதியை அவர்களை மறுத்தவர்களே நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்கள். ஜயராசியின் தத்வோபப்லவஸிம்ஹம், எல்லாப் பிரமாணங்களையும் சந்தேகிக்கும் அந்த அபூர்வ நூல், ஓலைச்சுவடியிலிருந்து பரோடாவில் அச்சேற 1940 வரை காத்திருக்க நேர்ந்தது. குண்டலகேசி என்னும் பௌத்த காவியத்தின் கதியும் இத்தகையதே. புறத்திரட்டில் எஞ்சிய சில செய்யுட்களை நீக்கினால், அதைப்பற்றி நாம் அறிவதெல்லாம், அதை மறுப்பதற்கென்றே எழுந்த ஜைன நூலாகிய நீலகேசியின் மூலமாகவும் அதன் உரையின் மூலமாகவும்தான்.

ஆனால் இந்தப் பெருமையை அளவுக்கு மீறிப் பேசுவதும் தகாது. நீலகேசியில் நாயகி வாதத்துக்குப் போகும் இடமெல்லாம் வெல்கிறாள். குண்டலகேசி தோற்கிறாள், மொக்கலன் தோற்கிறான், புத்தரே தோற்கிறார். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, எக்கூற்றும் ஒரு நோக்கில் மெய், மற்றொரு நோக்கில் மெய்யன்று என்னும் அநேகாந்தக் கொள்கை, உலகிலுள்ள தத்துவங்களுள் எல்லாம் பிறர்க்கு அதிக இடம் தரக்கூடியது; அதுவே அந்நூலில் பிறரை வெல்லும் வாளாகப் பயன்படுகிறது. எதிரியின் நூலை முற்றக் கற்பதும் தன்னளவில் காய்தல் உவத்தலின்மை ஆகிவிடாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் வருஷக்கணக்காக உழைத்தவர். அந்நூலின் வாக்கியங்களைக் கரதலப் பாடமாக அறிந்தவர். 1854-ல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் அவ்வறிவு முழுவதும் பாதிரிமாரின் கண்டனங்களைத் திருப்பியடிக்கும் ஆயுதமாயிற்று. தம் சமயத்தை இழித்துப் பேசியவர்க்கு விடை இறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நான் அவரைக் குறை சொல்லவில்லை. வாதத் திறமையும் நாம் இங்கே தேடும் குணமும் வெவ்வேறு என்பதே கருத்து.

அக்குணத்தை இன்னும் தெளிவாகக் காட்டுபவர் உ.வே. சாமிநாதையர். சைவ மடத்தின் நிழலில் கல்வி பெற்று, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, அதன் சொற்கள் விளங்கியும் பொருள் பிடிபடவில்லை. கற்ற புலவர்கள் உதவ முடியாத அவ்விடத்தில், அவ்வூரிலேயே குடியிருந்த ஜைனர்களின் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் நாள்தோறும் படித்து வந்த நூல்களைப்பற்றியும், அனுஷ்டானங்களைப்பற்றியும், சொற்களின் சம்பிரதாயப் பொருளைப்பற்றியும் மாணவனைப்போல் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. 1898-ல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அருகில் வினவுவதற்குப் பௌத்தர் இல்லாமையால், அச்சமய நூல்களை அறிந்த அறிஞரிடம் கேட்டுத் தெளிந்து, புத்தர் வரலாற்றையும் தருமத்தையும் சங்கத்தையும் பற்றித் தாமே எழுதியும் சேர்த்தார். நெற்றியில் திருநீறு அழியவில்லை. ஜைனமும் பௌத்தமும் அவர் கையில் சிதையவுமில்லை. ஒரு சமயத்தை அச்சமயத்தாரிடமே கேட்டறிவது என்னும் எளிய நேர்மையை அவரளவுக்கு நடத்திக் காட்டியவரை நான் அறியேன்.

சந்தேகம் என்பது நம்பிக்கைக்கு வெளியிலிருந்து வந்து தாக்கும் ஒன்று என்ற எண்ணமும் சரித்திரத்துக்கு ஒவ்வாதது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்துச் சிருஷ்டி சூக்தம், இவ்வுலகம் எங்கிருந்து தோன்றியது என்பதை மேலே இருப்பவனே அறிவான், அல்லது அவனும் அறியான் என்ற ஐயத்தோடேயே நின்றுவிடுகிறது. கடோபநிஷத்தில் நசிகேதன் யமனையே நோக்கி, இறந்தபின் மனிதன் உளன் என்று சிலரும் இலன் என்று சிலரும் சொல்வதன் உண்மை யாது என்று கேட்க, இவ்விஷயத்தில் தேவர்களும் ஐயுற்றார்கள் என்று யமனே ஒப்புகிறான். காலாமர்களுக்குப் புத்தர் உபதேசித்ததை இக்காலத்தார் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்வியையும் பரம்பரையையும் நூலையும் ஆசிரியனையும் மட்டும் நம்பி ஏற்காதே என்பது அதன் முற்பாதி. ஏற்பது தீங்கு விளைப்பதா நன்மை விளைப்பதா, அறிவுடையோர் இகழ்வதா புகழ்வதா என்று உன் அனுபவத்தில் கண்டு தெளி என்னும் பிற்பாதி, சந்தேகிப்பவன் தோளிலும் சமமான பாரத்தை ஏற்றுகிறது.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனவர்கள் இந்த ஆராய்ச்சியில் தனி இடம் பெறுவர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, பாடலிபுத்திரத்து ஜைனப் பள்ளியில் தருமசேனராகி, சூலை நோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியார் இருந்த திருவதிகைக்கு மீண்ட அப்பரை நாம் திரும்பி வந்த பின்னரே கேட்கிறோம். தருமசேனர் எந்த நியாயங்களால் சைவத்தை விட்டுச் சென்றார் என்பதை அவர் வாய்மொழியாக அறிய நமக்கு வழி இல்லை. சமணத்தை அவர் கடிந்து பாடியது மட்டுமே எஞ்சியது. அன்னி பெஸண்ட் அம்மையார் விஷயத்திலோ இரு பாதிகளும் அச்சில் இருக்கின்றன. 1874 முதல் ஆங்கில நாஸ்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து நாஸ்திகப் பிரசாரம் செய்த அவர், 1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுந்து பிரமஞானியாக மாறினார். 1907 முதல் அடையாற்றிலிருந்து பிரமஞான சங்கத்துக்குத் தலைமை வகித்தார். அவர் மாறியது சரியா தவறா என்பதைவிட, மாறுமுன் எழுதியதையும் மாறியபின் எழுதியதையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்பதே பெரிய லாபம்.

அக்காலத்து லண்டனில் 1869-ல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடந்த மெட்டாபிஸிக்கல் ஸொஸைட்டியில், கத்தோலிக்கத் தலைவர் மானிங்கும் விஞ்ஞானி ஹக்ஸ்லியும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து கட்டுரை வாசித்து வாதித்தார்கள். அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளுள் கணித மேதை கிளிஃபர்டு எழுதியது புகழ் பெற்றது. பழுதான தன் கப்பல் கரை சேருமோ என்ற சந்தேகத்தை, தெய்வ கிருபையை எண்ணி மனத்திலிருந்து துடைத்துவிட்டு, அதில் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றி அனுப்பும் ஒரு முதலாளியை அவர் கற்பித்துக் காட்டுகிறார். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பது வெளிப்படை. மூழ்காமல் போனாலும் அதே அளவு குற்றவாளியே, ஏனெனில் போதிய ஆதாரமின்றி நம்ப அவனுக்கு உரிமையில்லை என்பது கிளிஃபர்டின் முடிவு. 1896-ல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு விடை இறுத்தார். பிழைபடுவோமோ என்னும் அச்சத்தால் எதையும் நம்பாதிருப்பதும் ஒரு முடிவே. ஆதாரம் இரு பக்கமும் சமமாக நிற்க, வாழ்க்கை காத்திராத இடங்களில், மனத்தின் சாய்வுக்கு இணங்கித் துணிவது நியாயம் என்றார் அவர். இருவரையும் படித்தபின் என் அபிப்பிராயம் இது: பிறர் உயிரும் மானமும் சம்பந்தப்பட்ட நம்பிக்கையில் கிளிஃபர்டின் கண்டிப்பு வேண்டும், தன் துயரைத் தான் தாங்குவதற்கு ஒருவன் பற்றிக்கொண்ட நம்பிக்கையில் ஜேம்ஸின் தாராளம் வேண்டும்.

வாதங்களை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். சார்லஸ் பிராட்லா 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், நாஸ்திகர் என்ற காரணத்தால் ஆறு வருஷம் ஆசனம் மறுக்கப்பட்டவர். தெய்வத்தின் பெயரின்றி உறுதிமொழி கூறும் உரிமையைத் தரும் சட்டத்தை 1888-ல் நிறைவேற்றியவர். இந்தியாவின் பிரதிநிதி என்றே அழைக்கப்பட்டவர். 1891-ல் வோக்கிங்கில் நடந்த அவரது அடக்கத்துக்கு லண்டனிலிருந்த இந்தியர்கள் திரண்டு சென்றார்கள். அவர்களுள் மாணவராயிருந்த காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில், ரயிலுக்குக் காத்திருந்த இடத்தில் நடந்ததைத் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். இறந்தவருக்கு மரியாதை செலுத்த வந்திருந்த ஒரு பாதிரியாரை நாஸ்திகர் ஒருவர் மடக்கி, பூமியின் சுற்றளவு இவ்வளவு என்று ஒப்புகிறீரே, உம் கடவுளின் அளவு என்ன, இருப்பிடம் எது என்று கேட்டார். நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்று தணிந்த குரலில் பாதிரியார் சொல்ல, என்னைக் குழந்தை என்று எண்ணாதீர் என்று அவர் வெற்றிப் பார்வை பார்த்தார்; பாதிரியார் மௌனமானார். நாஸ்திகத்தின் மீது தமக்கிருந்த வெறுப்பு அச்சம்பாஷணையால் இன்னும் மிகுந்தது என்கிறார் காந்தி. ஒரு கொள்கைக்கு அதன் பிரசாரகனே செய்யும் கேட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. கொள்கையையும் அதைப் பேசியவனின் குணத்தையும் அந்த இளைஞர் பிரித்தெண்ணவில்லை என்பதையும் நாம் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

நாற்பது வருஷம் கழிந்து 1931-ல், ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரில், கடவுளே சத்தியம் என்று முன்பு சொல்லிவந்த தாம், சத்தியமே கடவுள் என்னும் முடிவுக்கு வந்ததைக் காந்தி விளக்கினார். சத்தியத்தை நாஸ்திகரும் மறுக்க மாட்டார் என்பது அவர் நியாயம். அப்போது பிராட்லாவை நினைவுகூர்ந்து, அவர் மறுத்தாலும் அவரைத் தெய்வ பயமுள்ளவர் என்றே தாம் சொல்வதாகக் கூறினார். அன்பினால் எழுந்த கூற்றுத்தான்; ஆனால் எனக்கு அதில் மனம் பொருந்தவில்லை. ஆறு வருஷம் வாசலில் நிறுத்தப்பட்டும் தன் மறுப்பைக் கைவிடாதவனை, அவன் இறந்தபின் நம் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது அவனை முழுமையாகக் கேட்டதாகாது.

முழுமையாகக் கேட்கும் காலம் பின்னர் வந்தது. கோரா என வழங்கிய கோபராஜு ராமச்சந்திர ராவ், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் தாவரவியல் கற்பித்தவர். நாஸ்திகக் கருத்துக்காக உத்தியோகம் இழந்தவர். 1940-ல் கிருஷ்ணா ஜில்லாவின் முதுநூரில் நாஸ்திக கேந்திரத்தை நிறுவித் தீண்டாமை ஒழிப்பில் ஈடுபட்டவர். 1941-ல் அவர் எழுதிய கடிதத்துக்கு, நாஸ்திகம் தன்னையே மறுப்பதாகும் என்று காந்தி சுருக்கமாகவே பதில் எழுதினார். 1944-ன் இறுதியில் சேவாகிராமத்தில் நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தபோது, கோரா தத்துவம் பேசவில்லை. வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் தாம் கண்டதைச் சொன்னார். பழமும் பலகாரமும் அடுக்கிய கடைகளின் அருகிலேயே, கை நீட்டி எடுக்காமல் பசித்தவர்கள் விழுந்து மாண்டார்கள். விதியென்றும் தெய்வச் செயலென்றும் நம்பியதால் வந்த அடங்கல் அது, அந்த நம்பிக்கை நீங்கினால் மனிதன் நிமிர்வான் என்றார். காந்தி கேட்டார். உம் பேச்சில் ஓர் இலட்சியம் தெரிகிறது, என் ஆஸ்திகம் சரி என்றோ உம் நாஸ்திகம் தவறு என்றோ என்னால் சொல்ல முடியாது, நாம் இருவரும் சத்தியத்தைத் தேடுகிறவர்கள் என்ற பொருள்பட விடை சொன்னார். பின்னர்க் கோராவின் மூத்த மகளுக்கும் தீண்டாதார் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கும் ஆசிரமத்தில் தாமே மணம் செய்து வைக்க இசைந்தபோது, சடங்கில் கடவுள் என்று வருமிடத்தில் சத்தியம் என்று சொல்லவும் ஒப்பினார். அவர் மறைந்தபின், 1948 மார்ச்சில், அம்மணம் சேவாகிராமத்திலேயே நடந்தது. இங்கே காந்தி கோராவை ஆஸ்திகர் என்று பெயர் மாற்றவில்லை, தம் பிரார்த்தனையையும் கைவிடவில்லை. பிறருக்காக மாற்றத்தக்கது எது, மாற்றலாகாதது எது என்று ஆராய்ந்து, சடங்கின் சொல்லை மாற்றினார். நான் முதலில் சொன்ன மூன்று வினாக்களுக்கும் தக்க விடையை இந்த வரலாற்றில் காண்கிறேன்.

தமிழகத்திலும் இதற்கு உதாரணங்கள் இல்லாமற் போகவில்லை. பிராட்லாவின் இயக்கத்தைத் தழுவிச் சென்னையில் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்னும் பத்திரிகை சுதந்தர சிந்தனையைத் தமிழில் பரப்பிற்று. அடுத்த நூற்றாண்டில் ஈ.வெ.ரா.வும் குன்றக்குடி அடிகளாரும் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே நட்புப் பாராட்டியதையும், சாதி ஒழிப்பிலும் தமிழ் வழிபாட்டிலும் மடாதிபதியின் குரலும் நாஸ்திகரின் குரலும் ஒரு திசையில் ஒலித்ததையும் தமிழர் அறிவர். அன்றியும், பிராட்லாவும் கோராவும் மறுத்ததற்காக ஆசனத்தையும் உத்தியோகத்தையும் இழந்தார்கள். நம்பியதற்காக ஏளனம் செய்யப்பட்டவர்களும், சில தேசங்களில் சிறை சென்றவர்களும் உண்டு. ஆகையால், எந்த இடத்தில் எவர் கை ஓங்கியிருக்கிறதோ அவரிடமே இக்குணத்தை முதலில் எதிர்பார்க்க வேண்டும். ஒடுங்கி நிற்பவனிடம் பொறுமையைப் போதிப்பது அநீதி. பிறன் கொள்கையைக் கேட்பதென்பது அக்கொள்கையின் பெயரால் நடக்கும் தீங்குக்கு இடம் கொடுப்பதும் அன்று. கோயில் வாசலில் ஒரு சாதியாரைத் தடுத்து நிறுத்துபவன் எந்தச் சாஸ்திரத்தைக் காட்டினாலும், அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

எஞ்சியது பிள்ளைகளைப்பற்றிய கேள்வி. அரசாங்கப் பணத்தால் மட்டும் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் விதி கூறுகிறது. அது தக்க விதி. ஆனால் சமயத்தைப் போதிப்பது வேறு, சமயவாதங்களைக் கற்பிப்பது வேறு. மணிமேகலையில் அமுதசுரபியின் கதையோடு நின்றுவிடாமல், சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையையும், அதனோடு நீலகேசியில் ஒரு சருக்கத்தையும் மேல்வகுப்பு மாணவர்க்குப் பாடமாக வைக்கலாம். பூதவாதியின் பக்கத்தை எடுத்துரைக்கும் பொறுப்பைக் கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கும், சைவவாதியின் பக்கத்தை எடுத்துரைக்கும் பொறுப்பைப் போகாத பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்த பின்னர், அக்கொள்கையை உடைய வீட்டுப் பிள்ளை எழுந்து, சொன்னதில் எது சரி, எது விடுபட்டது என்று திருத்துவதும் அப்பாடத்தின் பகுதியாக இருத்தல் வேண்டும்.